கற்றல் பாணி: தேர்வர்களுக்கான முக்கியக் குறிப்புகள்

ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டு தாள்களிலும் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் என்ற பகுதிக்கு 30 மதிப்பெண் உண்டு. கற்றல் பாணி, தனியாள் வேறுபாடு, நினைவு, மறதி எல்லாம் அந்தப் பகுதிக்குள் அடங்கும். முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் படிப்பவர்களும் கல்வி உளவியலில் இவற்றைச் சந்திப்பார்கள். குரூப் 2, குரூப் 4 எழுதுபவர்களுக்கு இது பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் “எப்படிப் படித்தால் எனக்கு மனதில் நிற்கும்?” என்ற கேள்வி அவர்களுக்கும் இருக்கிறது. அதனால் விடைத்தாளுக்கு வேண்டிய பெயர், ஆண்டு, வகைப்பாடுகளை முதலில் தருகிறேன். அவற்றில் எவை ஆய்வுக்குத் தாக்குப்பிடித்தன, உங்கள் படிப்பை நீங்களே எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பவை பின்னால் வருகின்றன. இரண்டாம் பாதியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பெயர்களும் ஆண்டுகளும்

• கற்றல் பாணி: ஒரு செய்தியைப் பெறவும் கையாளவும் நினைவில் வைக்கவும் ஒருவர் விரும்பி நாடும் வழி. இது விருப்பத்தைக் குறிப்பது. திறனை அளப்பது அன்று. வினாவில் இரண்டையும் கலந்து தருவார்கள்.

• வார்க் மாதிரி: நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். காலின் மில்ஸுடன் சேர்ந்து 1992-ல் வெளியிட்டார். காட்சிவழி, செவிவழி, வாசிப்பு-எழுத்துவழி, இயக்கவழி என நான்கு பிரிவு. அதற்கு முன்பே காட்சி, செவி, இயக்கம் என்ற மூன்று பிரிவு வழக்கில் இருந்தது. வாசிப்பு-எழுத்தைத் தனியாகப் பிரித்தது ஃபிளெமிங்கின் பங்கு. பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இங்கே உண்டு. வார்க்கில் காட்சிவழி என்றால் வரைபடம், அம்புக்குறிப் படம், விளக்க வரைவு போன்றவை. யூடியூப் வகுப்பை விரும்புகிறவர் அந்தக் காரணத்தாலேயே காட்சிவழிக் கற்பவர் ஆகிவிட மாட்டார். ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை விரும்புகிறவரைப் பல்வழிக் கற்பவர் என்று இதே மாதிரி குறிப்பிடுகிறது.

• டேவிட் கோல்ப், அமெரிக்கர். அனுபவவழிக் கற்றல் பற்றிய அவருடைய நூல் 1984-ல் வந்தது. கற்றலை ஒரு சுழற்சியாகப் பார்த்தார்: நேரடி அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து கருத்தாக்கம், அதைச் செயலில் சோதித்தல், மறுபடியும் அனுபவம். இந்த வரிசையை மாற்றித் தந்து ‘சரியான வரிசை எது?’ என்று கேட்பதற்கு ஏற்ற பகுதி இது. ஜான் டூயி, கர்ட் லெவின், ஜீன் பியாஜே ஆகிய மூவரின் சிந்தனையும் இதற்கு அடித்தளம்.

• கோல்பின் நான்கு பாணிகள்:
அனுபவமும் திரும்பிப் பார்த்தலும் ஓங்கியவர் விரிசிந்தனையாளர்.
திரும்பிப் பார்த்தலும் கருத்தாக்கமும் ஓங்கியவர் உட்கொள்பவர்.
கருத்தாக்கமும் சோதித்தலும் ஓங்கியவர் குவிசிந்தனையாளர்.
சோதித்தலும் அனுபவமும் ஓங்கியவர் தகவமைத்துக்கொள்பவர்.
சுழற்சியில் அடுத்தடுத்த இரண்டு படிகள் சேர்ந்து ஒரு பாணி என்று மட்டும் நினைவில் வைத்தால் போதும். நான்கையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை.

• பீட்டர் ஹனி, ஆலன் மம்ஃபோர்டு, 1982, இங்கிலாந்து. கோல்பின் சுழற்சியைத் தழுவியவர்கள். செயல்விரும்பி, சிந்தித்துப் பார்ப்பவர், கோட்பாட்டாளர், நடைமுறையாளர் என நான்கு பிரிவு.

• ரீட்டா டன், கென்னத் டன்: சூழல், மனவெழுச்சி, சமூகம், உடலியல், உளவியல் என ஐந்து தொகுதிகள். வெளிச்சம், ஓசை, வெப்பநிலை, இருக்கை ஆகியவை சூழல் தொகுதியில் வரும்.

• ஃபெல்டர், சில்வர்மேன், 1988: பொறியியல் மாணவர்களை மனதில் வைத்து உருவானது.

• ஹெர்மன் விட்கின்: களம் சார்ந்தவர், களம் சாராதவர். சாய்ந்த சட்டத்துக்குள் இருக்கும் கோலை நேராக நிறுத்தச் சொல்லும் சோதனையும், சிக்கலான படத்துக்குள் ஒளிந்திருக்கும் எளிய உருவத்தைக் கண்டுபிடிக்கும் சோதனையும் இவர் பெயரோடு சேர்த்துப் படிக்க வேண்டியவை. இவருடையதை அறிதல் பாணி என்பார்கள்.

• ஜெரோம் கேகன்: அவசரமாக விடை சொல்பவர், நிதானித்து விடை சொல்பவர். ஒத்த உருவங்களைப் பொருத்தும் சோதனை இவருடையது.

• கார்டன் பாஸ்க், 1976: படிப்படியாகச் செல்பவர், முழுமையாகப் பார்ப்பவர்.

• மார்ட்டன், செல்யோ, 1976, ஸ்வீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழகம்: மேலோட்ட அணுகுமுறை, ஆழ்ந்த அணுகுமுறை. இது ஆளோடு ஒட்டிய நிலையான குணம் அன்று. என்ன மாதிரி வினா வரும் என்று மாணவர் எதிர்பார்க்கிறாரோ, அதற்கேற்பப் படிக்கும் விதமே மாறியது என்று இவர்கள் காட்டினார்கள். மேற்கண்ட பட்டியலில் ஒரு தேர்வர் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இதுதான் என்பேன். ஒருவரிக் கேள்வி மட்டும் வரும் என்று நினைத்துப் படித்தவர், கூற்று–காரணம் வகை வினாவில் தடுமாறுவதன் விளக்கம் இதில் இருக்கிறது.

குழப்பும் இடங்கள்

• ஹோவர்டு கார்ட்னரின் பன்முக நுண்ணறிவு (1983) கற்றல் பாணிக் கோட்பாடு அன்று. மொழி, தருக்கம்–கணிதம், இசை, இடவெளி, உடலியக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என முதலில் ஏழு. பிறகு இயற்கை சார்ந்த நுண்ணறிவு எட்டாவதாகச் சேர்ந்தது. தன் கோட்பாட்டைக் கற்றல் பாணியோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம் என்று கார்ட்னரே 2013-ல் வெளிப்படையாக எழுதினார். ஆனாலும் நம் வழிகாட்டி நூல்கள் பலவற்றில் இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் நிற்கின்றன.

• எட்கர் டேல், அனுபவக் கூம்பு, 1946. “படித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவிருக்கும்” என்று ஒரு படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. டேலின் கூம்பில் சதவீதங்களே கிடையாது. யாரோ பிற்காலத்தில் ஒட்டியவை அவை. எந்த ஆய்விலிருந்தும் வந்தவை அல்ல. குறிப்பேட்டில் அப்படி எழுதி வைத்திருந்தால் இன்றே அடித்துவிடுங்கள்.

• செயல்வழிக் கற்றல் வேறு, இயக்கவழிப் பாணி வேறு. முதலாவது நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கற்றல் அட்டைகளும் ஏணிப்படிகளுமாக நடைமுறைக்கு வந்த கற்பித்தல் முறை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவானது.

• 2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்ற பிரிவுகள் குழந்தையின் கற்றல் நிலையைப் பொறுத்தவை. பாணியைப் பொறுத்தவை அல்ல. நிலை பார்த்துப் பிரிப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது; கீழே ஆசுபெல் பற்றிய குறிப்பைப் பாருங்கள்.

• இடது மூளைக்காரர், வலது மூளைக்காரர் என்று ஆட்களைப் பிரிப்பதற்கு ஆதாரம் இல்லை. பிளவுபட்ட மூளை ஆய்வுக்காக ரோஜர் ஸ்பெர்ரி 1981-ல் நோபல் பரிசு பெற்றார் என்பது மட்டும் உண்மை.

ஆய்வு என்ன சொன்னது

2004-ல் இங்கிலாந்தில் ஃபிராங்க் காஃபீல்டு குழுவினர் கற்றல் பாணி மாதிரிகளைத் தேடித் தொகுத்தார்கள். 71 மாதிரிகள் கிடைத்தன. அவற்றில் முக்கியமான 13-ஐ ஆழமாக ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை நம்பகத்தன்மையிலும் ஏற்புடைமையிலும் தேறவில்லை. (சோதனையின் நம்பகத்தன்மை, ஏற்புடைமை இரண்டுக்கும் வேறுபாடு கேட்கப்படும்: மறுபடி அளந்தாலும் அதே முடிவு வருவது நம்பகத்தன்மை, அளக்க வேண்டியதையே அளப்பது ஏற்புடைமை.)

2008-ல் ஹெரால்டு பாஷ்லர், மார்க் மெக்டேனியல், டக் ரோரர், ராபர்ட் பியோர்க் ஆகிய நால்வர் வெளியிட்ட மதிப்பாய்வு இந்தத் துறையின் திருப்புமுனை. அவர்கள் வைத்த நிபந்தனையைப் புரிந்துகொண்டால் மொத்த விவாதமும் விளங்கும். மாணவர்களை முதலில் பாணிவாரியாகப் பிரிக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு ஒரு முறையிலும் மீதிப் பேருக்கு வேறு முறையிலும் குலுக்கல்படி பாடம் நடத்த வேண்டும். கடைசியில் எல்லோருக்கும் ஒரே தேர்வு. காட்சிவழியினருக்குப் படத்தால் மதிப்பெண் ஏறி, செவிவழியினருக்குப் பேச்சால் ஏறினால்தான் கோட்பாடு உண்மை. இரு பிரிவினரும் ஒரே முறையில் நன்றாகச் செய்தால், அந்த முறை நல்ல முறை என்றுதான் பொருள். இந்த நிபந்தனைப்படி நடந்த ஆய்வுகள் மிகச் சில. அவற்றிலும் பல கோட்பாட்டுக்கு எதிராகவே முடிந்திருந்தன.

பிறகு வந்தவையும் அப்படியே. 2015-ல் பெத் ரோகௌஸ்கி குழுவினர் பெரியவர்களில் சிலருக்கு ஒரு நூலின் பகுதியை ஒலிநூலாகவும் சிலருக்கு மின்னூலாகவும் தந்து சோதித்தார்கள். விருப்பமான வழியில் படித்ததால் புரிதல் கூடவில்லை. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் படித்த மாணவர்களைப் பாலி ஹஸ்மன், வலேரி ஓ’லாக்லின் இருவரும் ஆராய்ந்தார்கள். வார்க் வினாநிரலில் தங்கள் பாணியைத் தெரிந்துகொண்ட பிறகும் பெரும்பாலோர் அதன்படி படிக்கவில்லை. படித்தவர்களுக்கும் மதிப்பெண் கூடவில்லை. எந்தப் பாணியினர் என்ற வேறுபாடு இல்லாமல் மதிப்பெண்ணோடு சேர்ந்து ஏறியவை விரிவுரைக் குறிப்புகளை மீளப் பார்த்ததும் நுண்ணோக்கிப் பயிற்சியுமே.

2017-ல் வந்த ஒரு சிறிய ஆய்வைத் தேர்வர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். காட்சிவழி விரும்பிகள் படங்களையும் எழுத்துவழி விரும்பிகள் சொற்களையும் பார்த்தபோது, “இது எனக்கு நன்றாக நினைவிருக்கும்” என்று கணித்தார்கள். நினைவுச் சோதனையில் அந்தக் கணிப்பு பலிக்கவில்லை. பிடித்த வழியில் படிக்கும்போது கூடுவது நம்பிக்கை, நினைவு கூடுவதில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்து “எல்லாம் படித்ததுதான், ஆனால் இரண்டு விடைக்கு நடுவில் மாட்டிக்கொண்டேன்” என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த முடிவுதான் நினைவுக்கு வரும். அவர்கள் உழைக்காதவர்கள் அல்லர். தெரிந்துவிட்டது என்ற உணர்வை நம்பி நகர்ந்துவிட்டவர்கள்.

2012-ல் சன்னே டெக்கர் குழுவினர் இங்கிலாந்து, நெதர்லாந்து ஆசிரியர்களிடம் கேட்டபோது 10-ல் 9 பேருக்கு மேல் கற்றல் பாணிக்கேற்பக் கற்பித்தால் நன்மை என்று நம்பினார்கள். ஆகவே இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

தேர்வு எழுதும்போது என்ன செய்வது? வினா ‘வார்க் மாதிரியின்படி’, ‘கோல்பின் கருத்துப்படி’ என்று வந்தால் கோட்பாடு சொல்வதையே விடையாகக் குறியுங்கள். விடைக்குறிப்பு பாடநூலை ஒட்டித்தான் இருக்கும். ‘ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன’ என்று ஒரு கூற்று வந்தால் மட்டும் நின்று யோசியுங்கள்.

நன்னூல் சொன்ன மாணவர் வகை

பொதுத்தமிழ் படிப்பவர்களுக்கு இது இரட்டைப் பயன். நன்னூல்: ஆசிரியர் பவணந்தி முனிவர், 13-ஆம் நூற்றாண்டு, எழுதச் செய்தவர் சீயகங்கன், எழுத்து, சொல் என இரண்டு அதிகாரம். அதன் பொதுப்பாயிரம் மாணவரை மூன்று தரமாகப் பிரிக்கிறது.

• தலைமாணாக்கர்: அன்னமும் பசுவும் போன்றவர்.
• இடைமாணாக்கர்: மண்ணும் கிளியும் போன்றவர். உழைத்த அளவுக்கு மண் தரும். சொன்னதையே கிளி சொல்லும்.
• கடைமாணாக்கர்: ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றவர். ஒரு செடியிலும் நிலைக்காமல் நுனி நுனியாக மேய்வது ஆடு. நெய்யை விட்டுக் கசடைப் பிடித்துக்கொள்வது பன்னாடை.

இந்தப் பிரிப்பு கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று போகவில்லை. பழக்கத்தைப் பார்க்கிறது. பசு கிடைத்த இடத்தில் நிறைய மேய்ந்துவிட்டு, ஓரிடத்தில் இருந்து அசைபோடும். படித்ததைப் புத்தகமில்லாமல் மனதுக்குள் திரும்பக் கொண்டுவருவது அதுவே. இன்று ஐந்து செயலி, ஆறு டெலிகிராம் குழு, நான்கு பயிற்சி மையப் பொருள் என்று தாவுகிறவர் யாரைப் போன்றவர் என்பது சொல்லாமலே விளங்கும். முக்கியமாக, பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அதே பாயிரத்தில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் வரும். உடன் படிப்பவரோடு பழகிப் பேசுவதால் இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு பிறருக்கு எடுத்துச் சொல்வதால் வரும். வகுப்புக்குப் போய்விட்டு வந்து அன்றைய படிப்பு முடிந்தது என்று நினைப்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்ட வேண்டும்.

இதோடு சேர்த்து ஒரு வரலாற்றுக் குறிப்பு: நம் திண்ணைப் பள்ளிகளில் மூத்த மாணவரான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்தி, 1797-ல் லண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அது மெட்ராஸ் முறை என்றே பெயர் பெற்றது.

நினைவும் மறதியும்: விடைக்கும் உதவும், படிப்புக்கும் உதவும்

• ஹெர்மன் எபிங்காஸ், ஜெர்மனி, 1885. பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன்னையே சோதித்தார். மறதி வளைகோடு இவருடையது. அவர் அளந்தது, திரும்பப் படிக்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்பதை: ஒரு மணி நேரம் கழித்து ஏறத்தாழ 44 சதவீதம், ஒரு நாள் கழித்து 34 சதவீதம், 31 நாள் கழித்து 21 சதவீதம். தொடக்கத்தில் சரிவு கடுமை, பிறகு மெல்லக் குறைகிறது. பொருள் புரிந்து படித்த பாடத்துக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது.

• ஜார்ஜ் மில்லர், 1956: குறுகிய கால நினைவின் கொள்ளளவு 7, கூட்டியோ குறைத்தோ 2.

• ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச், 1974: செயல்நினைவு. ஒலிக்கு ஒரு பகுதி, காட்சிக்கும் இடத்துக்கும் ஒரு பகுதி, இரண்டையும் நடத்தும் மையம். ஒவ்வொரு மனிதருக்கும் ஒலிவழியும் காட்சிவழியும் சேர்ந்தே இருக்கின்றன என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஆலன் பைவியோவின் இரட்டைக் குறியீட்டுக் கோட்பாடும் (1971) இதையே ஒட்டியது: சொல்லும் படமும் சேர்ந்தால் நினைவு வலுப்படும். எல்லோருக்கும்.

• ஜான் ஃபிளேவெல்: தன் அறிதலைத் தானே அறிந்து நெறிப்படுத்தும் மீ-அறிதல் பற்றி 1970-களில் எழுதியவர்.

• டேவிட் ஆசுபெல், 1968: கற்றலைத் தீர்மானிப்பவற்றுள் தலையாயது, கற்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே. பொருளுணர்ந்த கற்றல், முன் அமைப்பான் ஆகியவை இவர் பெயரோடு வரும்.

• ரோடிகர், கார்பிக், 2006. இந்த ஆய்வை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களில் ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்களே முன்னணி: 83 சதவீதத்துக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். நான்கு முறை படித்தவர்களுக்கு 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. மாலையில் படித்து முடித்ததும் வரும் திருப்தி ஐந்து நிமிடச் சோதனை. உங்கள் தேர்வோ மாதங்கள் தள்ளி இருக்கிறது.

• ஜான் டன்லோஸ்கி குழுவினர், 2013: பத்துப் படிப்பு உத்திகளை மதிப்பிட்டார்கள். அதிகப் பயன்: தன்னைத்தானே சோதித்தல், இடைவெளிவிட்டுப் படித்தல். நடுத்தரம்: ஏன் என்று கேட்டுப் படித்தல், தனக்குத்தானே விளக்குதல், பாடங்களைக் கலந்து பயிலுதல். குறைந்த பயன்: அடிக்கோடிடுதல், திரும்பத் திரும்ப வாசித்தல், சுருக்கி எழுதுதல், திறவுச்சொல் உத்தி, வாசிக்கும்போது மனதில் காட்சியாகக் கற்பனை செய்தல். நம் படிப்பகங்களில் மேசைக்கு மேசை மார்க்கர் பேனாக்கள் கிடக்கின்றன. அவை கெடுதல் செய்வதில்லை. ஆனால் அவற்றோடு நின்றுவிட்டால் பக்கத்துக்கு நிறம் வருமே தவிர நினைவுக்கு எதுவும் வராது.

• காலின் மெக்லௌட், 2010: மனதுக்குள் வாசித்த சொற்களைவிட வாய்விட்டு வாசித்த சொற்கள் அதிகம் நினைவில் நின்றன. எட்டுத்தொகை, பதினெண்கீழ்க்கணக்கு நூற்பெயர்களை வெண்பாவாகக் கட்டி ஓதவைத்த நம் முன்னோருக்கு இது அனுபவத்தில் தெரிந்திருந்தது.

உங்கள் வழியை நீங்களே கண்டுபிடிக்க

வினாநிரல் நிரப்பிப் பாணி தெரிந்துகொள்வது, உங்களுக்கு என்ன பிடிக்கும் என்பதை உங்களிடமே கேட்டு உங்களுக்கே சொல்வது. மதிப்பெண் எதில் கூடுகிறது என்று அறியச் சோதனைதான் வேண்டும்.

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரே அளவு, ஒரே கடினம் உள்ள இரண்டு பாடங்களை எடுங்கள். ஒன்றை வழக்கம்போல் படியுங்கள். மற்றதை ஒருமுறை படித்து மூடிவைத்து, வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து எழுதி, விட்டதைப் புத்தகம் பார்த்து நிரப்புங்கள். இரண்டுக்கும் ஒரே நேரம் செலவிட வேண்டும். ஒரு வாரம் அந்தப் பக்கம் போக வேண்டாம். பிறகு இரண்டிலும் 20 வினாக்களுக்கு விடை எழுதி எண்ணிக்கையைக் குறியுங்கள். அடுத்த வாரம் வேறு இரண்டு பாடங்களோடு மறுபடி செய்யுங்கள். தனியாகவா நண்பரோடா, காலையிலா இரவிலா, வீட்டிலா நூலகத்திலா என்பவற்றையும் இதே விதத்தில் ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. எது சுகமாக இருந்தது என்பதை எழுதாதீர்கள். எண்ணை மட்டும் எழுதுங்கள்.

பாடப்பொருள் கேட்கும் வழி ஆளுக்கு ஆள் மாறுவதில்லை. ஆறுகள், கணவாய்கள், 38 மாவட்டங்கள் என்றால் வெற்று வரைபடத்தில் நீங்களே குறிக்க வேண்டும். செவிவழிக்காரர் என்று சொல்லிக்கொண்டு வரைபடத்தைத் தவிர்க்க முடியாது. திருக்குறளை வாய்விட்டுச் சொல்லாமல் தளை தட்டுவது தெரியாது. கூட்டுவட்டியும் ஆட்கள்-நாட்களும் கையால் போட்டுப் பார்த்தால்தான் வரும். வேறொருவர் போடுவதைக் காணொளியில் பார்த்துக்கொண்டே இருந்தால் வராது. அரசியலமைப்பில் 32-ஆம் உறுப்பும் 226-ஆம் உறுப்பும் போன்ற இணைகளை அட்டவணையாக்கி, ஒரு பக்கத்தை மறைத்து மறுபக்கத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

உண்மையாகவே ஆளுக்கு ஆள் வேறுபடுவது முன்னறிவு. கணிதத்தை விட்டுப் பல ஆண்டு ஆனவர் முதலில் தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படிப்படியாகப் பார்க்க வேண்டும். பழகியவர் நேராகப் புதுக் கணக்குக்குப் போகலாம். ஸ்லாவா கால்யுகாவும் ஜான் ஸ்வெல்லரும் செய்த ஆய்வுகள் இதைக் காட்டியிருக்கின்றன: புதியவருக்கு உதவும் விளக்கம், தேர்ந்தவருக்குச் சுமையாகவே மாறலாம். ஆகவே நண்பரின் கால அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர், கைக்குழந்தையோடு படிப்பவர், முதல் தலைமுறைப் பட்டதாரி, எல்லோருக்கும் ஒரே தொடக்கப் புள்ளி இல்லை. பார்வை, கேட்புக் குறைபாடும் வாசிப்பு இடர்ப்பாடும் பாணியைச் சேர்ந்தவை அல்ல. அவற்றுக்கு முறையான உதவி பெறுவது உரிமை.

தவறுகளைப் பிரித்துப் பார்ப்பது எந்த வினாநிரலையும்விட அதிகம் சொல்லும். மாதிரித் தேர்வில் போன வினாக்களை நான்காகப் பிரியுங்கள்: படிக்கவே இல்லை, படித்தும் இரண்டுக்கு நடுவில் குழம்பியது, வினாவைச் சரியாக வாசிக்கவில்லை, நேரம் போதவில்லை. முதலாவதற்கு மருந்து படிப்பு. இரண்டாவதற்கு, குழம்பிய இரண்டையும் அருகருகே எழுதி வேறுபாட்டைச் சொல்லிப் பார்ப்பது. மூன்றாவதற்கு, ‘தவறானது எது’, ‘பொருந்தாதது எது’ என்ற சொல்லுக்கு அடியில் கோடிடும் பழக்கம். நான்காவதற்குக் கடிகாரம் வைத்த பயிற்சி. குரூப் 4-ல் 200 வினாவுக்கு 3 மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒரு நிமிடம்கூட முழுதாக இல்லை. அதற்குள் விடைக்கட்டமும் நிரப்ப வேண்டும்.

டி.என்.பி.எஸ்.சி. விடைத்தாளில் ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்ற கட்டம் இருக்கிறது. வீட்டில் பயிற்சி செய்யும்போது அதை நேர்மையாகப் பயன்படுத்துங்கள். ஊகித்துச் சரியாகிப் போன விடை, தெரியாத பாடத்தைத் தெரிந்த பாடமாகக் காட்டிவிடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய வினாத்தாளை எடுத்து, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, 3 மணி நேரம் உட்காருங்கள். விடைகளைச் சரிபார்த்து, தவறுகளை அந்த நான்கு பிரிவிலும் எழுதுங்கள். எந்தப் பிரிவு நீளமாக இருக்கிறதோ, திங்கட்கிழமை முதல் அதற்கான நேரத்தை உங்கள் அட்டவணையில் கூட்டுங்கள்.